வெள்ளி மாதுளையில் உங்கள் பெயர்

சமர்கந்து,
14 நவம்பர் 1998

நியூயார்க்கில் சகல வசதியோடும் வாழும் அம்னூன் அண்ணனுக்கு, சித்தி மகள் சிவ்யோ வணக்கத்துடன் எழுதுவது.

நலம்தானே? உயிரோடு நலம்தானே என்று அழுத்திக் கேட்கிறேன். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. போன வசந்தத்தில் நீங்கள் கொண்டுவந்த சாக்லேட்டுப் பெட்டியை நான் இன்னும் பிரிக்கவில்லை. அன்று என் வீட்டில் ஈரலும் கொத்தமல்லியும் போட்ட பச்சைப் பலாவ் இரண்டு தட்டு சாப்பிட்டீர்கள். "சித்தி கைப்பக்குவம் அப்படியே இருக்குடி" என்று கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டீர்கள். மறுநாள் அருங்காட்சியகத்துக்குப் போவதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

அதை நான் செய்தித்தாளில்தான் பார்த்தேன். யூதர் கூடம் ஒன்று திறக்கப்போகிறார்களாம், அதற்கு நீங்கள் உங்கள் குடும்பச் சொத்தைக் கொடுத்தீர்களாம். ஓட்டல் கட்ட இடம் தேடுகிறவருக்கு ஊரில் நல்ல பெயர் வேண்டும்தான். படத்தில் உங்கள் கையில் தோரா வேதச் சுருளின் உச்சியில் செருகும் வெள்ளி மாதுளைகள் இரண்டு இருந்தன. ஒன்றில் ஒரு மணி இல்லை. அதை ஏழு வயதில் பிய்த்தவள் நான். அதற்கு அம்மாவிடம் வாங்கிய அடி எனக்கு மறக்குமா?

என் அப்பாவுக்குக் கல்லறை கிடையாது. போரில் எந்தச் சேற்றில் விழுந்தார் என்றுகூட யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அம்மா தன் கல்யாண வளையல்களை உருக்கி, அவர் பெயரைப் பொறித்து, அந்த மாதுளைகளைச் செய்தாள். 1979-இல் நீங்கள் புறப்பட்டபோது அவற்றை மெத்தைக்குள் வைத்துத் தைத்து உங்களிடம் தந்தாள். "அங்க ஒரு ஜெபக்கூடத்துல வச்சிடுப்பா, நாலு பேர் அவர் பேரைப் படிக்கட்டும்" என்றாள். விமான நிலையத்தில் பறித்துக்கொண்டார்கள் என்று நீங்கள் எழுதினீர்கள். சாகும் வரை அம்மா அந்தச் சுங்க அதிகாரிகளைத் தினமும் சபித்தாள். கை அழுகிப் போகட்டும், பேர் சொல்லப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று. பாவம் அவர்கள். அந்தச் சாபமெல்லாம் யாருக்குப் போய்ச் சேர வேண்டியது என்று இப்போது தெரிந்துவிட்டது.

போன மாதம் அருங்காட்சியகத்திலிருந்து திலோரோம் என்ற பெண் வந்தாள். "அக்கா, வெள்ளியில ஏதோ எழுதியிருக்கு, ஊர்ல அந்த எழுத்துப் படிக்கத் தெரிஞ்சது நீங்களும் இன்னும் ரெண்டு பேரும்தானாம்" என்றாள். போனேன். அப்பாவின் பெயர் இருந்த இடம் மட்டும் குழிந்து பளபளக்கிறது. அங்கே உங்கள் பெயர்.

அண்ணா, நீங்கள் படித்தது ரஷ்யப் பள்ளிக்கூடம். நம் எபிரேய எழுத்து உங்களுக்குத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒன்றுதான். உங்கள் பெயரை யாரோ ஒரு தாளில் எழுதித் தர, அதை எழுத்துத் தெரியாத தட்டான் எவனிடமோ நீட்டியிருப்பீர்கள். பழைய பெயரைச் சுரண்டியவர் மீதியையும் சுரண்ட வேண்டாமா? இப்போது அதில் இருப்பதை அப்படியே தருகிறேன்: "போரில் மாண்ட அம்னூனின் ஆன்மாவுக்காக அவன் மனைவி ஃப்ரெகோ தன் வளையல்களை உருக்கிச் செய்தது. ஏதேன் தோட்டத்தில் அவன் இளைப்பாறுவானாக."

ஆக, நீங்கள் செத்துவிட்டீர்கள். செத்ததோடு நிற்காமல் சொந்தச் சித்தியையும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அங்கேயே கத்தியிருக்கலாம். கத்தவில்லை. இருப்பதை இருக்கிறபடியே படித்துச் சொன்னேன், திலோரோம் மூன்று மொழியில் அட்டை எழுதினாள். கூடம் திறந்த ஞாயிறு காலையில் என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். ஏதேன் என்ற சொல் வந்ததும் நம் கிழவர்கள் பழக்கதோஷத்தில் எழுந்து, செத்தவர்களுக்கான பிரார்த்தனையைச் சொல்லி முடித்துவிட்டார்கள். "அடப்பாவமே, அம்னூன் எப்பப் போனான்?" என்றார் கசாப்புக்கடை ஓஷேர். "எனக்கென்ன தெரியும், வெள்ளியில எழுதியிருக்கு" என்றேன். "அது சரி, ஃப்ரெகோ இவனுக்குச் சித்தியாச்சே!" என்று அவர் மனைவி சொன்னதும் கூடமே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். பத்தொன்பது வருடத்தில் அப்படி நான் சிரித்ததில்லை.

ஏழாம் நாள் என் வீட்டில் உங்களுக்கு யுஷ்வோ துக்க விருந்து வைத்தேன். நாற்பது பேர் வந்து பூண்டு மீனும் பலாவும் உண்டு, உங்களுக்காக வேண்டிக்கொண்டார்கள். உண்மை எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை. அண்ணிக்கு இந்நேரம் இரங்கல் சொல்லித் தொலைபேசி வந்திருக்கும், மன்னிக்கச் சொல்லுங்கள். முப்பதாம் நாளுக்கு மீன் சொல்லி வைத்திருக்கிறேன். பிறகு வருடா வருடம் செய்வேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு, எங்கள் வீட்டுப் பெண்கள் சுலபத்தில் சாவதில்லை.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. உங்களை ஊர் சிரிக்க வைத்தும் வீட்டுக்கு வந்து அழுகைதான் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது இன்னும் உங்கள் பெயர்தானே. அட்டையை மாற்றவும் வெள்ளியில் மறுபடி பொறிக்கவும், கொடுத்தவர் கைப்பட எழுதித் தரவேண்டும் என்கிறாள் திலோரோம். அதற்காகத்தான் உங்களிடம் வந்து நிற்கிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டாம், கேட்டாலும் தரமாட்டேன். நீங்கள் நூற்றிருபது வயது வாழுங்கள். எழுதிவிட்டு வாழுங்கள். ஒரே ஒரு வரி போதும், ரஷ்ய எழுத்திலேயே எழுதுங்கள். சுரண்டிய பெயர் ஞாபகம் இல்லையென்று சொல்லிவிடாதீர்கள், கீழே இருக்கிறது, பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
முர்தகாயின் மகள்
சிவ்யோ