துண்டுக்கடியில் வந்த தூக்கம்

ஜூன் 11

இன்று வேலந்தாவளம் சந்தையில் மானம் கப்பலேறிவிட்டது.

மொய்து ராவுத்தர் ஒரு கறவைப் பசு கேட்டிருந்தார். தரகன் நான். கை மேல் துண்டைப் போட்டு மூடி, அடியில் அவர் விரல்களைப் பிடித்தேன். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை, பிடித்த விரல் கணக்குத்தானே விலை. பிடித்தபடியே தூங்கிப்போனேன்! பட்டப்பகலில், அத்தனை மாடு கத்துகிற இடத்தில், கல்லில் உட்கார்ந்த வாக்கில். நான் விலையில் பிடிவாதமாக நிற்கிறேன் என்று நினைத்து ராவுத்தரும் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் குறட்டை வந்ததாம். மாட்டுக்காரன் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தான்.

ஜூன் 12

மனைவி சித்ராவிடம் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். எனக்கு முன்பே சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "ராத்திரியில மூச்சு நின்னு நின்னு வருதுங்க. ஆசுபத்திரிக்குப் போலாமுங்க."

பழைய பல்லவி. குறட்டை விடாத ஆம்பளை எந்த ஊரில் இருக்கிறான்? ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறவனுக்கு என்ன நோய்?

ஜூன் 15

நன்றாக இருக்க வழி சொல்ல ஊரில் ஆளா இல்லை. டீக்கடை யாக்கோபு ராத்திரியில் சோறு ஆகாது என்கிறார். மச்சான் மணிகண்டன் விடிந்தால் ஒரு வீடியோ அனுப்புகிறான் — பீட்ரூட் சாறு, மூச்சுப் பயிற்சி, வெறுங்காலோடு புல்லில் நடப்பது. எல்லாம் செய்தாயிற்று. புல்லில் நடந்து நெருஞ்சி முள் குத்தியதுதான் மிச்சம். சாற்றைக் குடித்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கினேன்.

ஜூன் 18

சந்தை. ராவுத்தரைக் கண்டதும் துண்டை உதறினேன். "இருக்கட்டுங்க அர்த்தநாரி. இன்னிக்கு ஓய்வா உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தரகனிடம் கையை நீட்டினார்.

திட்டியிருந்தால் தேவலை. இருபத்தைந்து வருஷமாக என் துண்டைத் தவிர வேறு துண்டுக்கடியில் அந்தக் கை போனதில்லை. இனி யார் என்னை நம்பிக் கை கொடுப்பார்கள்?

வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். சித்ரா மேல எதுக்குக் கத்துனேன்? அவ என்ன பண்ணுனா?

ஜூன் 19

காலையில் சித்ரா போனை என் காதருகே வைத்தாள். ராத்திரி பதிவு செய்திருக்கிறாள். என் குறட்டை. பிறகு ஒன்றுமே இல்லை. பதிவு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் வளையல் சத்தம். "ஏனுங்க... ஏனுங்க..." என்று உலுக்குகிறாள். அப்புறம், கிணற்றில் முங்கியவன் தலையைத் தூக்குகிற மாதிரி ஒரு சத்தம். அது நான்.

"தெனமும் எழுப்பறயா?"

"மூச்சு வராட்டி எழுப்பறனுங்க."

"எத்தன நாளா?"

"சோனா கல்யாணத்துக்கு முன்னாடி புடிச்சுங்க."

மகள் சோனாவின் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

அத்தனை வருஷமும் இவ தூங்கலையா?

ஜூன் 24

நேற்று ராத்திரி பாலக்காட்டில் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். தூங்கியதும் என் தொண்டை அடைத்துக்கொள்கிறதாம். ராத்திரி முழுக்க நான் படுத்திருக்கிறேனே தவிர, சரியாகத் தூங்குவதில்லை என்றார் டாக்டர். முகத்தில் மாட்டி மூச்சுக்குக் காற்று ஊதும் மெஷின் ஒன்று இருக்கிறதாம்.

நோய் இருக்கிறது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். நான் சோம்பேறி இல்லை. என் காலம் முடிந்துபோகவும் இல்லை.

ஜூலை 1

மெஷின் வந்தது. மூக்குக்கு ஒரு மூடி, தலையைச் சுற்றிப் பட்டை, நீளமாக ஒரு குழாய். "எத்தன மாட்டுக்கு மூக்கணாங்கயிறு புடிச்சிருப்பீங்க. இப்ப உங்க மொறைங்க" என்று சித்ரா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

கழற்றி எறிந்தேன். திரும்ப மாட்டிவிட்டாள்.

ஜூலை 3

துளித் தூக்கம் இல்லை. மெஷினைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிடலாம். ஆனால் வயசு பார்க்கப் பல்லும் இல்லை, ராசி பார்க்கச் சுழியும் இல்லை, எதைக் காட்டி விலை சொல்வது?

ஜூலை 6

படுத்தேன். விடிந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை.

கண்ணைத் திறந்தால் முகத்துக்கு நேரே சித்ரா. என் நெஞ்சின் மேல் அவள் கை. "என்ன புள்ள?"

"சத்தமே இல்லீங்களே... அதானுங்க."

அவள் கண் சிவந்து கிடந்தது. நான் நிம்மதியாகத் தூங்கியதற்கும் இவள்தான் விழித்திருந்தாள்.

ஜூலை 16

சந்தை. ராவுத்தர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை என் துண்டுக்கடியில் விட்டார். எருமை, அதோடு ஒரு கிடேரிக் கன்று. விடாப்பிடியாக நின்று முடித்தேன். "நீங்க புடிச்ச புடியில இனி எனக்குத் தூக்கம் வராதுங்க" என்று விரல்களை உதறிக்கொண்டார். யாக்கோபு கடையில் டீ அவர் செலவு.

ஜூலை 20

மாடு கத்தித்தான் விழித்தேன். பால் கறக்கும் நேரம் தாண்டியிருந்தது. சித்ரா எழவில்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். குறட்டை வேறு! இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. உட்கார்ந்து கேட்டேன். நடுவில் நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நிற்கவில்லை, சீராக வருகிறது.

செம்பை எடுத்துக்கொண்டு நானே கறக்கப் போனேன்.