கவுன்சிலரின் வேலைச் சட்டை

செல்வக்குமாருக்கு,

சோறும் தட்டப்பயறுக் குழம்பும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்தில் ஆயம்மாள் ஊட்டில் கொடு.

உன் பெண்டாட்டி கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து மதியம் அப்படியே கவுன்சிலர்கள் கூட்டத்துக்குப் போகிறாள். கூட்டத்துக்கு நானும் கூடப் போகிறேன். அவள் சேலைக்கு மேல் போடுகிற சட்டையை நீ வேண்டுமென்றே ஊறப்போட்டதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஏனுங்க அத்தை, கூட்டத்துக்குச் சட்டை போட்டுட்டுப் போனாக் கூலிக்காரி மாதிரி இருக்குதுங்கறாங்க. போன மாசம் பட்டுச்சேலை கட்டுனதுக்கு, இது எங்க அடிச்ச காசுன்னாங்க. நான் எதைத்தானுங்க கட்டிட்டுப் போறது?"

"குழாயில சாயத்தண்ணி வருதுன்னு மூணு கூட்டமாக் கேட்டியே கண்ணு, அதுக்கு என்ன சொன்னாங்க?"

"அதை யாருங்க பேசுனா?"

பஞ்சுத்தூசி ஒட்டாமல் இருக்கச் சேலைக்கு மேல் ஆண்சட்டை போடாத பொம்பளை நம் தெருவில் யார்? பனியன் கம்பெனியில் நானும் இருபது வருசம் போட்டேன். உங்கப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. "நாலு பேர் சிரிக்கறாங்கம்மா" என்கிறாய். அந்த நாலு பேரில் முதல் ஆள் நீதான் சாமி.

உன் வெள்ளைச் சட்டையைத் தேடாதே. அவள் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

– அம்மா

மறந்துவிட்டேன். அவள் உடுப்பைப் பற்றி உன்னிடம் பேசக் கட்சியின் வட்டச் செயலாளர் வருகிறாராம். காலையில் குழாயில் பிடித்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மேசைமேல் வைத்திருக்கிறேன். ஊதாவாக இருக்கிறது. முதலில் அதைப் பற்றிப் பேசச் சொல்.