நடிப்பில்லாத வயிற்றுவலி

டீச்சரம்மா,

முதல் டிரிப் பஸ்ஸை எடுக்கப் போகிறேன். தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. கஞ்சி அடுப்பில் இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொண்டு குடி.

நேற்று டாக்டர், "குடலோட உள்தோல் மாறியிருக்கு. சர்க்கரை இருக்கிற சிலருக்கு இப்படி ஆகும். புற்றுநோய் இல்ல, மருந்து இருக்கு" என்று உன்னிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு நாள் எப்படிங்க தாங்கினாங்க?" என்றார். உன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா வீட்டு விருந்தில் நீ பாதியில் எழுந்து கழிப்பறைக்கு ஓடினாய். "பாத்திரம் கழுவணும்னா மட்டும் இவளுக்கு வயிறு வலிக்கும்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தேன். அதிலிருந்து நீ என்னோடு வெளியே எங்கும் வருவதில்லை. தப்பு என்னுடையது.

நேற்று மாலையே அக்காவுக்குப் போன் செய்து, "அவ நடிக்கல, நான்தான் புத்திகெட்டுப் பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். நன்றாகத் திட்டினார், பிறகு அழுதார். பதினொரு மணிக்கு வருகிறார். சாவி அவரிடம் இருக்கிறது, நீ எழுந்து வர வேண்டாம்.

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை எங்காவது போகலாமா? ஊரில் எந்தத் தெருவில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். நீ சொல்கிற இடத்திலெல்லாம் நிறுத்துகிறேன். யாரும் சிரிக்க மாட்டார்கள்.