அரை டன் தண்ணீர்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் இரவுச் சாப்பாட்டில் மூன்று பேர்: அவர், நான், போன் ஸ்பீக்கரில் நாத்தனார். "டேய், அஞ்சடி மீன் தொட்டியே வாங்கிடு. சின்னது வாங்கினா அப்புறம் புலம்புவ." அவருக்கு வாயெல்லாம் பல். என்னோடு பேசும்போது அந்தச் சிரிப்பு எங்கே போய்விடுகிறது? கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. அக்காவும் தம்பியும் சின்ன வயதில் சேர்ந்து மீன் வளர்த்தவர்களாம். நான் இல்லாத காலத்தின்மேல் எனக்கென்ன கோபம்?

ஜூன் 7, சனி

நாத்தனார் டேப்போடு வந்து ஹாலை அளந்தார். "கதவத் திறந்ததும் மீன் தெரியணும்டா." கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "உனக்கும் மீன்னா பிடிக்கும்தானே?" என்றார்.

"பிடிக்கும் அண்ணி."

ஜூன் 8, ஞாயிறு

"நீதானே கட்டட ஆபீஸ்ல பிளான் வரையிற? நம்ம மாடி தாங்குமா, சொல்லு" என்று அவர் கேட்டார்.

தொட்டி நிரம்பினால் அரை டன்னுக்கு மேல். கதவுக்கு எதிரே இருப்பது வெறும் தடுப்புச் சுவர். அங்கே வைக்கக் கூடாது. ஜன்னலோரம் மட்டும் தரைக்கு அடியில் தூணுக்குத் தூண் பீம் ஓடுகிறது. கீழ்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அதன்மேல் நீளவாக்கில் வைத்தால் தாங்கும். ஆனால் அங்கேதான் என் புத்தக அலமாரி, என் நாற்காலி. இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அந்த மூலைதான்.

"தாங்காதுங்க."

"எங்கயுமேவா?"

"எங்கயுமே."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கு — எழுதவே கூசுகிறது — இனித்தது.

ஜூன் 12, வியாழன்

தொட்டி நாத்தனார் வீட்டுக்குப் போகிறதாம். தரைத்தளம், பயமில்லையாம். இது ஏன் எனக்குத் தோன்றாமல் போயிற்று?

ஜூன் 24, செவ்வாய்

மீன் இன்னும் விடவில்லை. சில வாரங்கள் தண்ணீர் பழக வேண்டுமாம். ஆனால் ஆபீஸ் முடிந்ததும் அவர் நேரே அங்கேதான் போகிறார்.

"மீனே இல்லாம அப்படி என்னதான் பாக்கறீங்க?"

"மோட்டார் நல்லா ஓடுது."

பொறாமைக்கும் ஒரு தராதரம் வேண்டாமா? வெறும் தண்ணீரைப் பார்த்து வயிறெரிகிறேன்.

ஜூலை 9, புதன்

ஞாயிற்றுக்கிழமை மீன் விடுகிறார்கள். விட்டுவிட்டால் தொட்டியை நகர்த்துவது பெரும்பாடு. அப்புறம் அவர் மாலைகளெல்லாம் அந்த வீட்டில்தான்.

ஜூலை 10, வியாழன்

ஆபீஸில் பொறியாளரிடம் கணக்கைக் காட்டினேன். பீம் தாங்கும் என்றார். வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டேன்.

"என் அலமாரி இருக்கற எடத்துல வைக்கலாம்."

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்...?"

"நீங்க உங்க அக்காகிட்ட மட்டும்தான் சிரிக்கிறீங்க."

ஐயோ, இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம்! சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்தவர், "அலமாரிய எங்க வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

தொட்டி வந்துவிட்டது. நாலு பேர் மூச்சுமுட்டத் தூக்கினார்கள். பின்னாலேயே நாத்தனார், வடிகட்டிப் பஞ்சு காயாமல் இருக்க வாளித் தண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டு. "மகராசி, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? என் இடுப்பே கழண்டுபோச்சு!"

அவர்தான் முந்திக்கொண்டார். "அவ மறுபடியும் கணக்குப் போட்டுப் பாத்தாக்கா. மொதல்ல தப்பா வந்துடுச்சு."

அக்காவிடம் பொய். என் முகத்தைக்கூடப் பார்க்காமல், எனக்காக.

ரசமட்டம் வைத்துப் பார்த்தது நான். ஸ்டாண்டின் ஒரு கால் நூலளவு தாழ்ந்திருந்தது. சரிசெய்து, தெர்மோகோல் விரித்து, தொட்டியை ஏற்றிய பிறகுதான் தண்ணீர் விட்டோம். அலமாரி படுக்கையறைக்குப் போயிற்று. மூலை போனதில் வருத்தம்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தார். கண்ணாடியில் விரலை வைத்ததும் மீன்கள் முட்டிமோதிக்கொண்டு வந்தன. "பாருடா, அத்தையக் கண்டதும் எப்படி ஓடி வருதுங்க!"

அத்தையாம்! தினமும் தீனி போடுவது யார்? தண்ணீர் மாற்றுவது யார்?

தீனி டப்பாவைத் திறக்கப் போனார். "காலைலயே போட்டாச்சு அண்ணி. அதிகமானா தண்ணி கெட்டுடும்" என்று சிரித்தபடியே கையிலிருந்து வாங்கி, சமையலறையின் மேல்தட்டில் வைத்தேன்.

நாத்தனாருக்கு அது எட்டாது.