கல்லில் மிச்சமிருக்கும் இரண்டு இலக்கங்கள்

ஹெல்சிங்கி
3 அக்டோபர் 1999

அன்புப் பாட்டிக்கு,

இன்று காலை எழுந்ததும், காப்பிகூடப் போடாமல், உன் தகர டப்பாவைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து எண்ணினேன். நாற்பத்தொரு மாத்திரைகள். எல்லாம் இதயத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்தவை. போன வாரம் உன் சமையலறையில், மாவுப் பைக்குப் பின்னால் டப்பாவைப் பார்த்தேன். சொல்லாமல் எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன். திருட்டுத்தான், கோபித்துக்கொள். ஆனால் நாளுக்கு ஒன்று என்று கணக்கிட்டால், ஆகஸ்ட் நடுவிலிருந்து நீ ஒன்றைக்கூட விழுங்கவில்லை.

அதற்கு முந்தின நாள் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்து வீட்டுச் சைமியின் மகள் உன்னிடம், "உடம்பு எப்படி இருக்கு லெம்பி அத்தை?" என்று கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? நீ தாத்தாவின் கல்லைக் கைத்தடியால் தட்டினாய். "இங்க பாரு, என் பேருக்குக் கீழ 1906, ஒரு கோடு, அப்புறம் 19ன்னு வெட்டி வச்சாச்சு. இன்னும் ரெண்டு எழுத்துக்குத்தான் இடம். டிசம்பர் முப்பத்தொண்ணுக்குள்ள நான் கிளம்பியாகணும். இல்லேன்னா நல்ல கல்லு வீணாப் போயிடும்" என்றாய். எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். மறுநாள் டப்பாவைத் திறந்ததும் அந்தக் கல்தான் நினைவுக்கு வந்தது.

வேடிக்கைக்குத்தானே சொன்னாய்? ஒரு வரி எழுது. தொலைபேசியில் கேட்டால் "காது கேக்கல" என்று வைத்துவிடுகிறாய்.

உன்
காத்ரி


ராஹே
9 அக்டோபர் 1999

திருட்டுக் கழுதைக்கு,

டப்பாவைத் திருப்பி அனுப்பு. மாத்திரையை நீயே வைத்துக்கொள்.

அதை விழுங்கினால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிவதற்குள் நாலு தடவை எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. பாதிரியார் வாசலில் பிடித்துக்கொண்டார். "என் பேச்சு பிடிக்கலையா லெம்பி அம்மா?" என்று கேட்டார். "பிடிக்கலதான், அது வேற விஷயம். இது மூத்திரம்" என்றேன். மனிதர் காது வரை சிவந்துவிட்டார்.

கல் கதை உனக்குச் சரியாகத் தெரியாது. 1951இல் துறைமுகத்தில் மரக்கட்டைகள் சரிந்து உன் தாத்தா வில்ஹோ போனபோது எனக்கு நாற்பத்தைந்து. கல் வெட்டுகிறவன், "உங்க பேரையும் இப்பவே வெட்டிடட்டுமா? எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க" என்றான். எனக்கு அப்போது எதுவும் காதில் ஏறவில்லை, தலையாட்டினேன். அவன் பாட்டுக்கு 19 வரை வெட்டிவிட்டான். அந்த வரிசையில் எல்லா விதவைகளுக்கும் அப்படித்தான். ஒவ்வொருத்தியாக ஒழுங்காக வந்து தன் இடத்தை நிரப்பிக்கொண்டாள். மிச்சம் நான் ஒருத்தி.

அந்த 19க்கு அப்புறம்தான் நான் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இந்த ஊரில் யார் யாரிடம் அழுதார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், ஒன்றையும் வெளியே விட்டதில்லை. அறுபது வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டினேன். எழுபத்தெட்டு வயதில் நகரமன்றத் தேர்தலில் நின்று, மீன் சந்தையை மூடப் பார்த்தவனைத் தோற்கடித்தேன். அதனால் அந்தக் கல்லைக் கண்டு பயப்படாதே.

உருளைக்கிழங்கு தோண்டியாயிற்று. இந்த வருஷம் சின்னச் சின்னதாகத்தான் இருக்கிறது.

லெம்பி


ஹெல்சிங்கி
8 நவம்பர் 1999

அன்புப் பாட்டிக்கு,

பிரசங்கம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே? மற்ற ஆறு நாள் மாத்திரை என்ன ஆயிற்று?

நீ திட்டுவாய் என்று தெரிந்தே இரண்டு காரியம் செய்திருக்கிறேன். கல் வெட்டுகிறவரிடம் பேசினேன். அந்த இடத்தை மட்டும் இழைத்துவிட்டு, வருஷத்தைப் புதிதாக வெட்ட முடியுமாம். ஆகவே கல்லைச் சாக்குச் சொல்லாதே. இரண்டாவது, நகராட்சி நர்ஸ் ரித்வா இனி தினமும் காலையில் வருவாள். நீ விழுங்கும் வரை பக்கத்திலேயே நிற்பாள்.

சகல புனிதர் திருநாளுக்கு வர முடியவில்லை. தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினாயா? பனியில் தனியாகவா போனாய்? பள்ளியில் அலுவலக ஆள் வகுப்புக் கதவைத் தட்டினாலே, உன்னைப் பற்றிய செய்தியோ என்று கையிலிருக்கும் சுண்ணக்கட்டி நழுவிவிடுகிறது.

அன்று எனக்கு எட்டு வயது. அம்மாவைப் புதைத்துவிட்டு வந்து, உன் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். நீயும் தரையில் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தாய். "நான் சீக்கிரம் போக மாட்டேன், வெளிய வா" என்று வாக்குக் கொடுத்தாய். அதை நம்பித்தான் வெளியே வந்தேன்.

உன்
காத்ரி


ராஹே
29 நவம்பர் 1999

காத்ரிக் கண்ணுக்கு,

மெழுகுவத்தி ஏற்றினேன். சைமியின் மகள் காரில் கூட்டிப்போனாள். போதுமா?

உன் ரித்வா நல்ல பெண், ஆனால் சிறைக்காவலராக இருக்க வேண்டியவள். "வாயைத் திறங்க லெம்பி அம்மா, நாக்கைத் தூக்குங்க" என்கிறாள். "இந்த வாயை மூட வைக்கத்தான் ஊரே தொண்ணூறு வருஷம் பாடுபட்டுது. திறக்கச் சொன்ன மொத ஆளு நீதாண்டி" என்றேன். அவள் சிரித்து முடிப்பதற்குள் மாத்திரை கைக்குட்டைக்குள் போய்விட்டது. அவளைக் குறை சொல்லாதே.

கல்லைப் பற்றிச் சொன்னது பகடிதான். பகடி பேசினால் ஜனங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் டாக்டரைக் கூப்பிடுவார்கள். களைப்பாக இருக்கிறது, காத்ரி. வலி இல்லை. துக்கமும் இல்லை. காலையில் கண் திறக்கும்போது, "இன்னுமா?" என்று தோன்றுகிறது. பேப்பரில் மரண அறிவிப்புகளைப் படித்தால் அதில் எனக்குத் தெரிந்த ஒரு பெயர்கூட இல்லை. எல்லாம் நான் குழந்தைகளாகப் பார்த்தவர்களின் பிள்ளைகள்.

உனக்கு வாக்குக் கொடுத்தது உண்மை. முப்பத்தாறு வருஷம் காப்பாற்றியிருக்கிறேன். இப்போது அதை நீ எனக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு வா. வந்து பதில் சொல். முடியாது என்றால் சொல்லிவிடு, ரித்வா முன்னால் நாக்கைத் தூக்கி, நிஜமாகவே விழுங்குகிறேன். உன்னை ஏமாற்றிவிட்டுப் போக மனசில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

பாட்டி


ரயிலில்
21 டிசம்பர் 1999

அன்புப் பாட்டிக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. கையில் கொண்டுவருகிறேன். நேரில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் பகடி பேசத் தொடங்கிவிடுவாய்.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் உன்மேல் அப்படியொரு கோபம். ரித்வாவுக்குப் போன் செய்து கைக்குட்டை விஷயத்தைச் சொல்லிவிட எண்களைக்கூட அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். பிறகு உன் டாக்டரைக் கூப்பிட்டேன். "அவங்க புத்தி நம்ம ரெண்டு பேரையும்விடத் தெளிவு. வேண்டாம்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு" என்றார். மாத்திரை இல்லாமல் எவ்வளவு நாள் என்று கேட்டேன். "வசந்தம் வரைக்கும் இருக்கலாம். இல்லாமலும் போகலாம்" என்றார்.

போன வாரம் வகுப்பில் ஆயுட்காலம் பற்றிப் பாடம். ஈசல், நாய், யானை, மனிதன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "உங்க வீட்டுல ரொம்ப வயசானது யாரு டீச்சர்?" என்றாள். "என் பாட்டி. தொண்ணூத்து மூணு. அவ சாகவே மாட்டா" என்றேன். குழந்தைகள் சிரித்தார்கள். உயிரியல் டீச்சர் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று அவர்களுக்குத் தெரியாது. இடைவேளையில் பொருட்கள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு நாற்பத்து நாலு வயது, பாட்டி. இன்னும் கட்டிலுக்கடியில்தான் கிடக்கிறேன் போல.

ரயில் இப்போதுதான் கொக்கோலாவில் நின்று கிளம்பியது. வெளியே மூன்று மணிக்கே இருட்டு. பயமாகத்தான் இருக்கிறது. எழுதி முடித்த பிறகும் பயமாகத்தான் இருக்கும்.

வாக்கைத் திருப்பிக் கொடுக்கிறேன். ஒன்று மட்டும் கேட்பேன்: மூச்சு வாங்கும் நாளில் என்னிடம் மறைக்காதே. ரித்வாவை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். மாடி அறையில் நான் இருப்பேன். ஜனவரியில் பள்ளிக்குத் திரும்பப்போவதில்லை, வசந்தம் வந்தாலும், அதற்குப் பிறகு எத்தனை வசந்தம் வந்தாலும். தலைமையாசிரியருக்கு இது தெரியாது. ரித்வாவுக்குத் தெரியாது. இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு உனக்கும் தெரியாது.

காத்ரி