சம்பளம் சொன்னேன், பன்னைக் கடித்தேன்

மாமே,

இன்று காலை கரையான்சாவடி பேக்கரியில் பன் தட்டு இறக்கினார்கள். அந்தச் சூட்டு வாசனை ரோடு வரைக்கும் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தது. எனக்குச் சர்க்கரை என்று உனக்குத் தெரியுமே; வீட்டுக்குத் தெரியாமல் ஒன்று வாங்கினேன். வாயில் வைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அவரிடம் உன்னைப் பற்றி எங்கிருந்து ஆரம்பிப்பது? நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

தோஹா கம்பெனி வீடியோவில் இன்டர்வியூ வைத்தபோது நாம் இருவரும் திருமழிசை யூனிட்டில் இரும்புப் பாகங்களை அளந்து, பாஸா ரிஜெக்டா என்று சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தோம். நூலளவு பிசகினாலும் ரிஜெக்ட் பண்ணுகிற நான், என் விலையைக் கேட்டால் மட்டும் நெளிவேன்.

"எவ்ளோ கேப்பே?" என்றாய்.

"அவங்களே பாத்து குடுப்பாங்க."

கொத்தனாரிலிருந்து மேளக்காரர் வரைக்கும் நம் ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே அது! நீ டீ கிளாஸைக் கீழே வைத்தாய்.

"மஸ்கட்டுல நானும் அத்தத்தான் சொன்னேன் மாமே. பாத்தானுங்க. பதினோரு வருசம் பாத்துகினே இருந்தானுங்க."

உன் மஸ்கட் கதையை யூனிட்டே வம்பு பேசியிருக்கிறது. அதில் பாதி என் கைங்கர்யம். முழுசாக நீ சொன்னது அன்றைக்குத்தான். சம்பளம் பற்றாமல் இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம் என்று இழுத்தது. கடைசியில் பெட்டியோடு வந்து இறங்கிய இரண்டாம் நாள், உன் பையன் அம்மாவின் காதில் கிசுகிசுத்தது: "இவரு எப்ப கெளம்புவாரு?"

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பெண் அப்போது எட்டாவது.

"எவ்ளோன்றது அப்பால. எப்ப திரும்பி வருவே, அத்த மொதல்ல சொல்லு."

"அவ பிளஸ் டூ பரீட்சைக்குள்ள."

"நாலு வருசம். ஊட்டுக்கு இன்னா வோணும், அங்க ரூமு, சோறு இன்னா ஆவும், எல்லாம் போடு. நாலு வருசத்துல முடியற மாதிரி ஒரு நம்பர் வரும். அத்த கேளு."

வந்த நம்பரைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. "இவ்ளோ கேட்டா வேற ஆளைப் பாத்துப்பான்டா!"

"பாக்கட்டும். கம்மிக்குப் போறதுக்கு நீ போவாமலே இரு. ஆனா உன் வாயை நம்ப முடியாது. நம்பர் சொன்னதும் ஒரு பன்னைக் கடிச்சுக்க. வாய் சும்மா இருந்தா நீயே கொறச்சுடுவே."

ஆவடி வீட்டில், மேலே டை, கீழே லுங்கி என்று உட்கார்ந்தேன். கேமராவில் விழாமல் தரையில் நீ, கையில் பன்னோடு. நம்பரைச் சொன்னேன். அந்தப் பக்கம் மேனேஜர் வாயே திறக்கவில்லை. 'கொஞ்சம் கம்மியானாலும் பரவால்ல சார்' என்பது தொண்டை வரை வந்துவிட்டது. கடித்தேன். அந்த வாக்கியம் பன்னுக்குள் சிக்கிக்கொண்டது.

மேனேஜர் என்னை உற்றுப் பார்த்தார். "சாப்பாட்டுச் செலவும் சேர்த்தா, இல்லே தனியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பேச முடியாமல் தலையை ஆட்டினேன். அவர் அதைத் 'தனி' என்று எடுத்துக்கொண்டார்! நீ தோள் துண்டை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உருண்டாய்.

கேட்டது கிடைத்தது; ஆனால் நீ கண்ணை மூடியபோது தோஹாவிலிருந்து என்னால் வர முடியவில்லை. செல்போன் திரையில் பார்த்தேன். அதை எழுத இப்போதும் வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

போன மாதம் வந்துவிட்டேன், மாமே. மொத்தமாக. இன்னும் ஒரு வருஷம் இருந்தால் கூட்டித் தருகிறோம் என்றார்கள். அந்த 'இன்னும் ஒரு வருஷம்' எனக்கு உன் குரலில்தான் கேட்டது. மறுநாளே பெட்டி கட்டினேன். இனி யார் என்ன ஆசை காட்டினாலும் அந்தக் குரல் குறுக்கே வரும். வரட்டும்.

பெண்ணுக்கு அடுத்த வாரம் பரீட்சை. நேற்று நான் ஃபேனைக் கூட்டி வைத்ததில் அவள் நோட்ஸெல்லாம் பறந்தது. "அப்பா! உனக்கு அறிவே இல்லையா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

விருந்தாளியை யாரும் அப்படித் திட்ட மாட்டார்கள். குனிந்து ஒவ்வொரு தாளாகப் பொறுக்கிக் கொடுத்தேன்.