கொள்ளுத் தாத்தாவின் சாவி

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடும்படி இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குட்டியும் சளி இருமல் என்று எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். என் முழங்கால் பரவாயில்லை, உன் தங்கை போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்து வழக்கம்போல அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுப் போனாள்.

நீ கேட்டபடி பழைய நூல் மில்லுக்குப் போய்வந்து மூன்று நாளாகிறது. மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள் என்று நீதானே சொன்னாய். பஞ்சுத் தூசியில் ஜனங்கள் இருமி இருமிச் செத்த இடத்தில் சென்ட் அடித்து வைத்திருக்கிறார்கள், மெஷின் பக்கத்தில் மெழுகுப் பொம்மைப் பெண்கள் உதட்டுச் சாயத்தோடு சிரிக்கிறார்கள், கொதிகலன் அறையில் காபிக் கடை. தொழிலாளிகள் இருந்த லைன் வீடு ஒன்றையும் காட்டுகிறார்கள், எட்டுப் பேர் படுத்த அறையில் பூ ஜாடி, அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க வரிசை வேறு. கருமம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அப்பா கண்ணில் அதெல்லாம் படவே இல்லை, இஸ்திரி போட்ட சட்டையும் புதுச் செருப்புமாக மாப்பிள்ளை மாதிரி நடக்கிறார். நம் வீட்டுக் கதை உனக்கு மனப்பாடம், உன் கொள்ளுத் தாத்தா அங்கே மேஸ்திரி, முதலாளி அவரை நம்பித் தலைவாசல் சாவியையே கொடுத்திருந்தார், அவர் போய்த் திறந்தால்தான் மில்லே ஓடும். அந்தச் சாவியைத்தான் நீ அங்கே கொண்டுபோய்ச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாய், பக்கத்தில் மாட்டத் தலைவாசல் போட்டோ வேண்டும் என்றாய். போய்ப் பார்த்தால் தலைவாசல் பூட்டின் துவாரத்தில் என் கட்டைவிரலே போகும், நம் சாவியை உள்ளே போட்டால் தேடித்தான் எடுக்க வேண்டும். அப்பா விடுவாரா, சுற்றிக்காட்டுகிற வயதான அம்மாவிடம் போனில் சாவிப் படத்தைக் காட்டி, இது எங்க தாத்தா சாவி, எந்தக் கதவுக்குன்னு சொல்லுங்க என்று இருபது பேர் நடுவில் சத்தமாகக் கேட்டார். சாவியில் ஏழு என்று வெட்டியிருக்கிறதல்லவா, அதைப் பார்த்ததும் அந்தம்மா முகமே மாறிவிட்டது. வாங்க காட்டறேன் என்று எல்லோரையும் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார். ஏழு என்று வெட்டிய பூட்டோடு ஒரு சின்னக் கதவு, பெண்கள் கக்கூஸ்.

அந்தம்மாவின் தாயார் அங்கே பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவராம். சாவி மேஸ்திரி இடுப்பில்தான் இருக்குமாம், ஷிப்டுக்கு ஒரு தடவைதான் திறப்பாராம், அவசரம் என்று போய் நின்றால் எதுக்கு என்று எல்லார் எதிரிலும் சொல்ல வைப்பாராம், மாதவிலக்கு என்றாலும் சொல்ல வேண்டுமாம், சொன்ன பிறகு சிரிப்பாராம். வேலையை விட்டு வீட்டோடு இருந்த காலத்திலும் எங்கம்மா யார்கிட்டயாவது கேட்டுட்டுத்தான் கக்கூசுக்குப் போவாங்க, சாகிற வரைக்கும் அது போகலைங்க என்று குரலை உயர்த்தாமல் சொன்னார். இருபது பேரும் எங்களையே பார்த்தார்கள். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, அந்தக் காலத்துல கண்டிப்பு இருந்தாத்தான் வேலை நடக்கும் என்றார். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷனைப் பார்த்து எனக்கு அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான். நான் மட்டும் என்ன, நீ எடுத்துப் போகும்வரை வாராவாரம் அந்தச் சாவிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தவள், வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவியும் திருப்தியாகவில்லை. தலைவாசல் இடிஞ்சுபோச்சுன்னு பெரியவனுக்கு எழுதிடு என்றார் அப்பா. முடியாது என்றேன். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை, சாப்பாடு மட்டும் நேரத்துக்கு இறங்குகிறது.

நீ அந்தச் சாவியைச் சுவரிலிருந்து இறக்கு. குட்டி அதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் பேசினாள் என்று எழுதியிருந்தாய், அவளுக்கும் உள்ளதைச் சொல், பத்து வயதுப் பெண்ணுக்கு இது நன்றாகவே புரியும். மூவரும் நோய்நொடி இல்லாமல், தலை நிமிர்ந்து நல்லபடியாக இருங்கள். சாவியைப் பதிவுத் தபாலில் என் பெயருக்கு அனுப்பு, மறக்காதே, அப்பா பெயருக்கு வேண்டாம். அன்றைக்கு மில்லிலிருந்து கிளம்பும்போது அந்தம்மாவைத் தனியாகப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, சாவியை வரவழைத்துத் தருகிறேன், அந்தக் கதவிலேயே மாட்டிவிடுங்கள் என்றேன். கதவுல வேணாங்க, என் கையில கொடுங்க என்றார்.

உன் நன்மையே நினைக்கும்
அம்மா